குழம்பு ஆறுது

நாங்கள் கடலூர்க் குழு, அவர்கள் சிதம்பரம் குழு. இருவருக்கும் வேலை ஒன்றுதான்: கிடாரும் டிரம்முமாகப் பேய்க் கதையை வேகவேகமாகக் கத்துவது. இதற்கு ஹாரர் பங்க் என்று பெயர். எங்கள் வீட்டில் இதற்கு வேறு பெயர்கள் உண்டு.

இரண்டு குழுவும் சேர்ந்து ரெண்டே பாட்டு உள்ள ஒரு சிங்கிள் போடுவதென்று முடிவானது. எங்கள் பாட்டு ஒன்றை அவர்கள் பாட வேண்டும், அவர்கள் பாட்டு ஒன்றை நாங்கள். எதைக் கொடுப்பது என்பது அவரவர் இஷ்டம். நல்ல பாட்டை யாராவது தூக்கிக் கொடுப்பார்களா?

"உன் கடல் பேய் பாட்டத் தள்ளி வுட்டுடலாம் மச்சான்" என்றான் எங்கள் டிரம்மர். பெண்ணானாலும் நான் அவனுக்கு மச்சான்தான். "அதுல பயமே வரல."

முகத்துவாரத்தில் மூழ்கிப்போனவள் படகுகளைக் கூப்பிடும் பாட்டு அது. நான் எழுதியதிலேயே எனக்குப் பிடித்தது. குழுவில் மற்ற இருவரும் மண்டையை ஆட்டினார்கள். வீட்டில் போனில் பாடிப் பதிந்திருந்ததை அப்படியே அனுப்பினேன். சிதம்பரத்துக்காரர்களாவது என் மானத்தைக் காப்பாற்றட்டும் என்றிருந்தது.

அவர்களும் சளைத்தவர்கள் இல்லை. உருப்படாத ஒரு ஹாஸ்டல் பேயை எங்கள் தலையில் கட்டினார்கள்.

சில வாரங்களில் என் பாட்டு திரும்பி வந்தது. ஐஸ் பேக்டரிக்குப் பின்னாலிருக்கும் எங்கள் ஷெட்டில் உட்கார்ந்து கேட்டோம். கிடார் ஓடுகிறது, டிரம் ஓடுகிறது, சட்டென்று எல்லாம் நிற்கிறது. அந்த அமைதியில் நாலு குரல் ஒன்றாக அலறியது:

"குழம்பு ஆறுது! வந்து தின்னுத் தொலை!"

டிரம்மருக்குக் கையில் மயிர்க்கூச்செறிந்துவிட்டது. எனக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வந்தது. அது என் அம்மா. நான் பதிந்துகொண்டிருந்தபோது அடுப்படியிலிருந்து கத்தியது. நான் திடுக்கிட்டு நிறுத்தியதையும் விடாமல், பயபக்தியோடு அப்படியே பாடியிருந்தார்கள்.

அவர்களுடைய பாடகர் போன் செய்தார். "அந்த வரிய எப்பிடிங்க எழுதுனீங்க? செத்தவ சோறாக்கி வச்சிட்டு கூப்புடுறா! நாங்க லைட்ட போட்டுட்டுதான் படுத்தோம்."

"தானா வந்துச்சுங்க" என்றேன்.

சிங்கிள் வெளியீட்டை ஒரு ஞாயிறு மதியம் கடலூரில் சின்ன மண்டபத்தில் வைத்தோம். அம்மாவும் வந்தார், பாட்டுக் கேட்க அல்ல, நான் எங்கே போய்க் கத்துகிறேன் என்று பார்க்க. சிதம்பரத்துக்காரர்கள் என் பாட்டை எடுத்தார்கள். அந்த இடம் வந்ததும் மண்டபமே சேர்ந்து குழம்பு ஆறுவதைக் கத்தியது. என் பாட்டுக்கு இத்தனை பேரா என்று தலைகளை எண்ண ஆரம்பித்தேன்.

அம்மா என் கையைப் பிடித்து இழுத்தார். "இது நான் சொன்னதாச்சேடி? ஏன் இந்தப் புள்ளைங்க இப்பிடி இழுக்குதுவோ? சுருக்குன்னு சொல்லணும்."

சொல்லியும் காட்டினார், இடுப்பில் கை வைத்து, ஒரே ஒரு தடவை. மண்டபம் கப்சிப். மேடையில் பாடகர் மைக்கை நழுவவிட்டார்.

இப்போது எந்த ஊருக்குப் போனாலும் முதலில் கேட்பது, "அம்மா வர்றாங்களா?" பாட்டை எழுதியது நான்தான் என்று நானும் சொல்லிக்கொண்டுதான் திரிகிறேன்.