கடைமடையில் நான்கு அங்குலம்

காலை ஆறு ஐம்பது. முதலில் கண்ணில் பட்டது வாய்க்கால் தண்ணீரில் மிதந்த எறும்புகள். வெள்ளை முட்டைகளைத் தூக்கிக்கொண்டு ஒரு புல் நுனியில் ஏறிக்கொண்டிருந்தன. அளவுகோலை நட்டுப் பார்த்தேன். நான்கு அங்குலம். தாளில் குறித்தேன்.

எழுபதுகளின் தொடக்கம். பத்திரிகை வேலைக்கு வருமுன், பாசனத் திட்டங்களை மதிப்பிடும் அதிகாரி ஒருவரிடம் அளவெடுக்கும் உதவியாளனாக இருந்தேன். சாக்கோட்டைப் பக்கத்தில் ஒரு சிற்றூர். அரசு வெட்டிக் கொடுத்த கிணறு, ஒரு மோட்டார், செம்மண் வாய்க்கால், பதினோரு விவசாயிகள். வாய்க்காலின் கடைசி வயல் யாருடையதோ அவரை ஊரே கடைமடைக்காரர் என்றுதான் அழைத்தது. முறை வைத்துப் பாய்ச்சினாலும் அவர் வயலுக்கு வருமுன் தண்ணீரை மண் குடித்துவிடும். சிமெண்ட் வாய்க்கால் கேட்டு மனுப் போட்டிருந்தார்கள். அதை விசாரிக்கத்தான் போயிருந்தோம். அவருடைய நெல் அப்போது கதிர் வாங்கும் பருவத்தில் இருந்தது.

"தண்ணி எப்பவும் இப்படித்தான் வருமா?" என்று அதிகாரி கேட்டார்.

"இப்படித்தான் வருதுங்க ஐயா, ஒரு கொறையும் இல்ல" என்றார் கடைமடைக்காரர். பிறகு, "அந்தச் சிமெண்ட மட்டும் போட்டுக் குடுத்துட்டீகன்னா..." என்று இழுத்தார்.

"கொறையில்லாத வாய்க்காலுக்குச் சிமெண்ட் எதுக்குய்யா?"

சுற்றி நின்ற விவசாயிகள் எல்லோரும் சிரித்தார்கள். வேடிக்கையாகச் சொல்கிறார் என்று நினைத்துவிட்டார்கள்.

அதிகாரி மோட்டார் அறைப் பக்கம் போனதும் கடைமடைக்காரர் என்னிடம் பெருமையோடு விஷயத்தைச் சொன்னார். மற்றப் பத்துப் பேரும் மூன்று நாளாகத் தங்கள் வயலுக்குத் திரும்பும் மடைகளை மண் வைத்து அடைத்து, தண்ணீர் முழுவதையும் இவருக்கே விட்டிருக்கிறார்கள்.

"தண்ணி வராததைத்தானே அதிகாரி பாக்கணும்?" என்றேன்.

"நல்லாக் கேட்டீக போங்க. பொண்ணு பாக்க வர்றவுக முன்னால கிழிஞ்ச சேலையவா கட்டி விடுவோம்? திட்டம் சரியில்லன்னு தெரிஞ்சா, சர்க்கார் மோட்டாரையும்ல கழட்டிக்கிட்டுப் போயிரும்!"

முதல் வயல்காரர் வரப்பில் நின்று கத்தினார்: "என்ன மச்சான், மூணு நாளா எருமை மாதிரி ஊறிட்ட. நாளையில இருந்து தண்ணி இங்குட்டுத்தான்!"

தன் பயிரைக் காயவிட்டு அடுத்தவன் வயலை நனைத்த பத்துப் பேரை ஒரே ஊரில் நான் அதன்பின் பார்த்ததில்லை. எங்கள் படிவத்தில் ஆழத்துக்கும் அகலத்துக்கும் நேரத்துக்கும் கட்டங்கள் இருந்தன. இதை எழுத இடம் இல்லை.

திரும்பும் வழியில் ஜீப்பில் அதிகாரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தண்ணீர் ஓடிப் பழகிய வாய்க்காலில் எறும்பு புற்று வைக்காது என்பதையும் சொன்னேன்.

"அளந்தது நீதானே?"

"ஆமாங்க சார்."

"நாலு அங்குலம்தானே?"

"ஆமாங்க சார்."

கடைமடை வரை நீர் குறைவின்றிச் செல்கிறது, சிமெண்ட் வாய்க்கால் தேவையில்லை என்று அறிக்கை போயிற்று.

ஒரு மாதம் கழித்து அதன் நகலைக் கொடுக்கப் போனேன். கடைமடைக்காரர் கதிர் பிடிக்காத பயிரை மாட்டுக்கு அறுத்துக்கொண்டிருந்தார். அரிவாளைக் கீழே வைக்காமலே கேட்டார்:

"நல்ல விதமாத்தானே எழுதியிருக்காக?"

"நல்ல விதமாத்தான்" என்றேன்.

அடுத்த போகத்தில் அந்த வயலில் ஏர் இறங்கவில்லை.