புரோசார்ட்டுக்குப் போன சாப்பாடு

அக்னெஸ் பிளாஸ்கின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். பனித்தளத்தில் பாட்டு மாறியது. அது கமீலின் பாட்டு. யாருடைய பாட்டுப் போகிறதோ அவர்களுக்கு வழிவிட்டு மற்றவர்கள் ஓரமாக நிற்பது அங்கே வழக்கம். அக்னெஸின் மகள் ஜெசிக்கா தளத்தைச் சுற்றிய தடுப்புப் பலகையோரம் ஒதுங்கினாள். அவளோடு ஒதுங்கவேண்டிய மத்தியூ ஒதுங்கவில்லை. நேரே நடுவுக்குப் போய்க் கமீலின் இடுப்பில் கைவைத்தான்.

பிளாஸ்கிலிருந்த சூப் அக்னெஸின் கால் சப்பாத்தில் கொட்டியது. சுட்டது பிறகுதான் தெரிந்தது.

மத்தியூ ஜெசிக்காவின் சோடி. பதினொரு வயதிலிருந்து அவள் கையைப் பிடித்துப் பனியில் சறுக்கி ஆடியவன்.

நாட்டின் முதல் மூன்று சோடிகளும் இந்த ஒரே தளத்தில், ஒரே பயிற்சியாளரிடம்தான் பழகினார்கள். காலையில் சேர்ந்து கோப்பி குடிப்பார்கள். போட்டியன்று ஒருவரை ஒருவர் கீழே தள்ளப் பார்ப்பார்கள். கமீலும் அவளுடைய சோடிப் பையனும் இரண்டாம் இடம். ஜெசிக்காவும் மத்தியூவும் மூன்றாம் இடம். இடையில் ஒரு புள்ளிகூட இல்லை. உலகப் போட்டிக்கு இந்த முறை போகக்கூடியது இரண்டு சோடிகள்.

வசந்தத்தில் கமீலின் பையன் முழங்கால் போய் ஆட்டத்தையே விட்டான்.

"இனி நாங்கள்தான் ரெண்டாவது" என்று ஜெசிக்கா சொன்னபோது அக்னெஸுக்குச் சந்தோஷம் பொங்கியது. அதன் பின்னாலேயே வெட்கமும் வந்தது. மன்னாரில் இழவு வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள். அயலார் சமைத்து அனுப்புவார்கள். கடல் கடந்து பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதிக்கு வந்தும் அக்னெஸ் அதை விட்டதில்லை. ஆள் சாகவில்லைதான். ஆனாலும் ஆற்றுக்கு அக்கரையில் புரோசார்ட்டில் தனியே இருக்கும் ஒரு பெண், சின்ன வயதிலிருந்து சேர்த்ததையெல்லாம் பறிகொடுத்துவிட்டு நிற்கிறாள். ஜான்-டலோன் சந்தையில் மரக்கறிக் கடை வேலை முடிந்து வந்து, உறைப்பைக் குறைத்துக் கோழிக்கறி வைத்தாள். மத்தியூவின் வீடும் அந்தப் பக்கம்தான்.

"போற வழிதானே தம்பி. குடுத்திட்டு உடன வெளிக்கிட்டிடாதை. அவள் சாப்பிடுமட்டும் இருந்து கதை."

ஜெசிக்காதான் அதை மத்தியூவுக்குப் பிரெஞ்சில் சொன்னாள். ஒருநாள் அல்ல, கோடை முழுக்கச் சாப்பாடு போயிற்று.

பாட்டு முடிந்தது. ஜெசிக்கா வந்து தாயின் பக்கத்தில் வாங்கில் இருந்தாள்.

"உனக்குத் தெரியுமோ, பிள்ளை?"

"காலமைதான் சொன்னவன். கோச்சும் பக்கத்தில நிண்டவர்."

"என்னெண்டு சொன்னவன்?"

"சேர்ந்து ஆடிப் பாத்தவையாம். நல்லாப் பொருந்துதாம்."

"எப்ப பாத்தவை? ஆர் விட்டது?"

"அம்மா, நீங்கள்தானே இருந்து கதைக்கச் சொன்னீங்கள்."

கமீல் வந்தாள். கையில் அக்னெஸின் சாப்பாட்டுப் பெட்டி, கழுவித் துடைத்துப் பளபளவென்று இருந்தது. "மெர்சி, மதாம்" என்று நீட்டினாள். அவள் கண்ணும் சிவந்துதான் இருந்தது. அக்னெஸின் கை பெட்டியை வாங்கியது. வாய் தன்பாட்டில் "பியென்வெனு" என்று மறுமொழி சொன்னது. நன்றிக்கு அங்கே சொல்லும் அந்தப் பதிலுக்கு நல்வரவு என்றும் பொருள்.

வீட்டில் ஞானேந்திரன் முழுவதையும் கேட்டுவிட்டு மனைவியைப் பார்த்தார்.

"எதிராளிக்கு மாப்பிள்ளையும் பாத்துக் குடுத்து, சோறும் கட்டி அனுப்பின ஆள் உலகத்தில நீ ஒருத்திதானப்பா."

முதலில் சிரித்தது ஜெசிக்கா. நெடுநேரம் சிரித்தாள். பிறகு எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அக்னெஸ் சூப்புக் காய்ந்த சப்பாத்தைக் கழற்றாமல் அப்படியே கதிரையில் இருந்தாள். மூன்றாம் இடமும் இல்லை, நாலாம் இடமும் இல்லை. சோடி இல்லாதவளுக்கு இடமே இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

மறுநாள் சனிக்கிழமை. அக்னெஸ் வேலைக்குப் போகவில்லை, அடுப்பும் மூட்டவில்லை. கோயிலில் பழக்கமான ஜொய்சி பிட்டும் மீன்குழம்பும் கொண்டுவந்தாள். "கேள்விப்பட்டன் அக்கா" என்றாள். இருந்து கதைக்கவில்லை, வைத்துவிட்டுப் போனாள். ஞானேந்திரன் சாப்பிட்டார். ஜெசிக்கா கொஞ்சம் சாப்பிட்டுவிட்டு மெட்ரோவில் தளத்துக்குப் போனாள். கமீலின் பாட்டை இரண்டு முறை போட்டார்கள். இரண்டு முறையும் ஜெசிக்கா ஓரமாக நின்றாள். அவளுடைய பாட்டைப் போடவில்லை. பின்னேரம் மழை பெய்தது. அக்னெஸ் ஜொய்சியின் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.