வீட்டுப் பேச்சு வெளியே போன கதை

கச்சிராயபாளையத்தில் இளமாறனைத் தெரியாதவர் கிடையாது. எழுதுகிறவன் என்று தெரியாது. காலையில் வாசலில் உட்கார்ந்து பெண்பிள்ளைக்குத் தலை பின்னிவிடுகிற ஆம்பளை என்றுதான் தெரியும். நன்றாகவே பின்னுவான், அதையும் சொல்லிவிட வேண்டும்.

அவன் மனைவி நிர்மலா மலையில் நர்ஸ். வெள்ளிமலையையும் தாண்டி, ஜீப் போகிற மண்பாதை முடிகிற இடத்தில் சின்னதாக ஒரு சுகாதார நிலையம். அங்கேயே ஒரு அறையில் தங்கல். சனிக்கிழமை சாயங்காலம் பஸ்ஸில் இறங்கி வருவாள். திங்கட்கிழமை விடிந்ததும் விடியாததுமாக ஏறிப் போய்விடுவாள். சுபஸ்ரீக்கு ஐந்து வயது. வளர்த்தது முக்கால்வாசி அப்பன்தான்.

அப்பனுக்கு வேலை இல்லையா என்று கேட்டால், இருந்தது. சென்னையில் அரங்கநாதன் என்று ஒருவர், சாயங்கால சீரியல் ஒன்றுக்கு வசனம் எழுதுகிறவர். பேர் அவருடையது, எழுத்தில் பாதி இளமாறனுடையது. இன்றைக்கு என்ன காட்சி என்று அவர் போனில் பேசி அனுப்புவார். இவன் அரிசி டிரம்மின் மேல் லேப்டாப்பை வைத்துக்கொண்டு நின்றபடியே எழுதுவான். உட்கார்ந்தால் அடுப்பு எட்டாதே! மாமியார் பல்லைக் கடிக்கிற இடத்தில் குக்கர் கூவும். வில்லி சபதம் போடுகிற நேரம் பார்த்து, "அப்பா, ஆயி போய்ட்டேன், கழுவிவுடு" என்று கொல்லையிலிருந்து குரல் வரும். சபதத்தை அந்தரத்தில் நிறுத்திவிட்டுப் போவான். கையைக் கழுவிக்கொண்டு வந்து முடிப்பான்.

பக்கத்து வீட்டுக் குஞ்சம்மாள் கரும்புக்குக் களை வெட்டப் போகிறபோது எட்டிப் பார்ப்பாள்.

"இன்னாப்பா இளமாறா, பொண்டாட்டி மலை ஏறுறா, நீ உலை ஏத்துறியா?"

"ஆமாக்கா. வந்து ஒரு வாய் சாப்ட்டுப் போ."

"உப்புப் போட்டியா?"

"நேத்து நீ குடுத்த மோருல இருந்ததவிட ஜாஸ்தியாவே போட்டுகீறேன்."

பேச்சில் அவனை யாரும் ஜெயிக்க முடியாது. ஆனால் அவன் ஏங்கிக் கிடந்ததும் ஒரு பேச்சுக்குத்தான். மலையில் சுகாதார நிலையத்துக்குப் பின்னால் ஒரு பாறை உண்டு. அதன் மேல் ஏறி நின்றால்தான் டவர் கிடைக்கும். வெயில் தாழ்ந்ததும் நிர்மலா அங்கே போய் நின்று போன் போடுவாள். எந்தக் குழந்தை ஊசிக்குப் பயந்து மரவள்ளிக் காட்டுக்குள் ஓடியது, எந்தக் கிழவி மாத்திரையைக் கோழிக்குப் போட்டாள், எல்லாம் சொல்வாள். நடுநடுவே வேறு யாரிடமும் சொல்ல முடியாத ஒன்றையும் சொல்வாள். அந்த நேரத்துக்கு இளமாறன் அடுப்பை அணைத்துவிடுவான், லேப்டாப்பை மூடிவிடுவான். பாதி ராத்திரி வரைக்கும் அதையே அசைபோட்டுக்கொண்டு கிடப்பான். அவன் குடும்பம் நடத்தியது வீட்டில் இல்லை, அந்தப் பேச்சில்தான்.

மார்கழியில் ஒரு நாள் நிர்மலா சொன்னாள்: "எவ்ளோ போத்தினாலும் ஒரு பக்கம் மட்டும் குளிருதுங்க. நீங்க படுக்கிற பக்கம்."

இவன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டான். அவளே வெட்கப்பட்டு, "வுடுங்க, சும்மா சொன்னேன்" என்று வைத்துவிட்டாள்.

அடுத்த வாரம் அரங்கநாதன் ஒரு காட்சி கேட்டார். புருஷன் துபாயில், பெண்டாட்டி ஊரில், போனில் பேச வேண்டும். "பாக்குறவங்க அழணும்பா, அவ அழக்கூடாது" என்றார். அன்றைக்கு சுபஸ்ரீக்குக் காய்ச்சல். மடியை விட்டு இறங்கவில்லை. ஒரு கையால் அவளைத் தட்டிக்கொண்டு ஒரு கையால் எழுதினான். அவர் இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார். மூன்றாவது தடவை கூப்பிடுவதற்குள், மனசில் மேலாக என்ன கிடந்ததோ அதை எடுத்துப் போட்டு அனுப்பிவிட்டான். அவள் நினைப்பு தாங்காமல் எழுதினேன் என்று பின்னால் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். பொய் இல்லை. ஆனால் முழு நிஜமும் இல்லை. அவசரம், அதுதான் நிஜம்.

அந்தக் காட்சி வந்த அன்று நிர்மலா மலையில் ஒரு வீட்டில் பெண்களோடு உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். அவர்களை எல்லாம் கூட்டி வைத்தவளே அவள்தான். "எங்க வூட்டுக்காரரு எழுதுறது, பாருங்க" என்று பெருமையடித்திருந்தாள். பவுடர் பூசிய ஒரு பெண் போனைக் காதில் வைத்துக்கொண்டு, எவ்வளவு போர்த்தினாலும் ஒரு பக்கம் குளிருகிறது என்றாள். ஒருத்தி நிர்மலாவைத் திரும்பிப் பார்த்தாள். அப்புறம் எல்லோரும் பார்த்தார்கள். அப்புறம் சிரித்தார்கள்.

கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லை. ஆனால் மறுநாள் ஜீப்காரன், "நர்சம்மா, கம்பளி வேணுமா?" என்று கேட்டான். அவன் ஏன் கேட்க வேண்டும்?

சனிக்கிழமை வந்தாள். பிள்ளையைக் குளிப்பாட்டினாள், தலைக்கு ஈர் எடுத்தாள், புருஷன் வைத்த குழம்பை நல்லா இருக்கு என்று சாப்பிட்டாள். சண்டை போடவே இல்லை. போட்டிருந்தால் அவன் பிழைத்திருப்பான்.

"கோவமா?" என்றான்.

"எதுக்குக் கோவம்? நல்லாத்தான் எழுதிகீறீங்க. மலையே பேசுது."

அதோடு சரி. அதற்குப் பிறகு சாயங்காலம் போன் வரும். "சாப்ட்டீங்களா? பாப்பா சாப்ட்டாளா? சரி." பாறையும் இருந்தது, டவரும் இருந்தது, பேச்சு மட்டும் இல்லை. அவன் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நிற்பான், அந்தப் பக்கம் காற்றாவது கேட்குமா என்று.

அரங்கநாதனோ தலைகால் புரியாமல் கிடந்தார். "அந்தக் குளிர் டயலாக்க ஊரே பார்வர்ட் பண்ணிக்கினு கீதுப்பா! அதே மாதிரி இன்னும் நாலு குடு." இளமாறன் டிரம்முக்கு முன்னால் நின்றான். ஒன்றும் வரவில்லை. அவள் பேசியிருந்தால் ஏதாவது கிடைத்திருக்குமே என்று ஒரு நினைப்பு ஓடியது. ஓடின வேகத்தில் அவனுக்கே அசிங்கமாகப் போய்விட்டது. பெண்டாட்டியின் குரலுக்கு ஏங்குகிறேனா, வசனத்துக்கு ஏங்குகிறேனா என்று தன்னையே கேட்டுக்கொண்டு, புளி கரைத்த கையோடு வெகுநேரம் நின்றான்.

அடுத்த சனிக்கிழமை அவள் வரவில்லை. மாசமாக இருக்கிறவள் ஒருத்திக்கு நாள் நெருங்கிவிட்டது, விட்டுவிட்டு வர முடியாது என்றாள். ஞாயிறு சாயங்காலத்துக்குள் அரங்கநாதனுக்குக் காட்சிகள் போக வேண்டும். அன்று காலையே இளமாறன் லேப்டாப்பை அலமாரியில் வைத்துப் பூட்டினான், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினான்.

வளைவுக்கு வளைவு சுபஸ்ரீ வாந்தி எடுத்தாள். மலையில் பஸ்ஸை விட்டு இறங்கி ஜீப் பிடித்துப் போனால், நிர்மலா நிஜமாகவே அந்த மாசக்காரி வீட்டில்தான் இருந்தாள். இவனை வாசலில் உட்கார வைத்துவிட்டு உள்ளே போனாள். சாமை புடைத்துக்கொண்டிருந்த ஒரு கிழவி ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீங்கதான் டிவிக்கு எழுதறவரா?"

"ஆமாங்கம்மா."

"அந்தப் பொண்ணுக்குக் குளிரு வுட்டுதா?"

சுற்றி இருந்த நாலு பேர் சிரித்தார்கள். வாய்க்கு வாய் பதில் சொல்கிறவனுக்குக் காது மடல் சுட்டது. ஒருநாள், ஒரு கேள்வி, அதற்கே இப்படி. இவள் இதே வாசல்களில் தினமும் பையைத் தூக்கிக்கொண்டு ஏறி இறங்கியிருக்கிறாள். ஒரு வார்த்தை அவனிடம் சொல்லவில்லை.

நிர்மலா வெளியே வந்ததும் மூவரும் பாறைப் பக்கம் நடந்தார்கள். ஏறின உடனே போன் அடித்தது. அரங்கநாதன்.

"சீன் எங்கப்பா?"

"ராத்திரி தர்றேன் சார். ஆனா அந்த மாதிரி டயலாக் இனிமே இல்ல சார். வேற மாதிரி எழுதுறேன்."

"அதுதானப்பா வேணும்! அது இல்லன்னா உன்ன வெச்சி நான் இன்னா பண்றது?"

"உங்க இஷ்டம் சார்."

அவர் பட்டென்று வைத்துவிட்டார். நிர்மலா பிள்ளையின் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"எழுதறத வுடுன்னு நான் சொல்லலியே. அது உங்க பொழப்பு. என்ன எடுத்துக்கினு போகாதீங்க, அவ்ளோதான்."

"இனிமே மாட்டேன். நீ பேசு நிர்மலா. நாள் பூரா அதுக்குத்தான் கீறேன்."

"எனக்கு மட்டும் பேசணும்னு இல்லியா? தெனமும் இங்க வந்து நிக்கிறேன். வாயத் தொறந்தா எதுத்தாப்ல அந்தப் பவுடர் பூசினவ நிக்கிற மாதிரி கீதுங்க. நா இன்னா பண்ணட்டும்?"

அவன் சத்தியம் கித்தியம் ஒன்றும் செய்யவில்லை. சத்தியம் பண்ணுகிற வசனம் அவன் நூறு எழுதியிருக்கிறான், அதன் லட்சணம் அவனுக்குத் தெரியும். அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். கீழே மலை மடிப்புகளில் பனி இறங்கியது. சுபஸ்ரீ அம்மா மடியில் தூங்கிப்போனாள்.

கடைசி ஜீப் ஹாரன் அடித்தது. பிள்ளையைத் தோளில் மாற்றிக் கொடுக்கிறபோது நிர்மலா அவன் சட்டைக் காலரைப் பிடித்து நிறுத்தினாள். காதோரம் குனிந்து ஒன்று சொன்னாள். நீளமாகவே சொன்னாள். ஜீப்காரன் இன்னொரு தடவை ஹாரன் அடித்தான். அவள் முடிக்கிற வரைக்கும் விடவில்லை.

என்ன சொன்னாள் என்று என்னைக் கேட்டுப் பிரயோஜனம் இல்லை. அது அவர்கள் வீட்டுப் பேச்சு.

பஸ் இறங்க இறங்க அவன் பின்கண்ணாடி வழியாக மலையையே பார்த்துக்கொண்டு வந்தான். ஊருக்கு வந்து பிள்ளையைப் படுக்கப் போட்டுவிட்டு, அலமாரியைத் திறந்து லேப்டாப்பை எடுத்தான். அரங்கநாதனிடமிருந்து, இந்த ஒரு தடவை கொடு, பார்க்கலாம் என்று செய்தி வந்திருந்தது. துபாய்க்காரனும் பெண்டாட்டியும் மறுபடி போனில் பேசுகிற காட்சி. அந்த இடத்தில் என்ன வசனம் வைத்தால் தமிழ்நாடே கண்ணைத் துடைக்கும் என்று இளமாறனுக்குத் தெரியும். நிர்மலா சொன்னது காதில் இன்னும் சூடாக இருந்தது.

சாப்பிட்டீர்களா என்று பெண்டாட்டி கேட்டதாகவும், சாப்பிட்டேன் என்று துபாய்க்காரன் சொன்னதாகவும் எழுதி அனுப்பிவிட்டு, தனியாகப் போய்ப் படுத்தான்.