நாங்கள் வூடு கட்டிய வருஷம்

சூடேறிய தூசிக்கு ஒரு வாசனை உண்டு. பழைய கம்ப்யூட்டர் ஒன்றை மதியம் முழுக்க ஓட விட்டால், அதன் திரைப்பெட்டியின் முதுகிலிருக்கும் துளைகள் வழியாக, இஸ்திரிப் பெட்டியில் நைலான் துணி லேசாக ஒட்டிக்கொண்டதைப் போன்ற ஒரு கருகல் வாசனை கிளம்பி ஹால் முழுக்கப் பரவும். எங்கள் அப்பா வயலிலிருந்து வந்ததும் கால்கூடக் கழுவாமல் நேராக அந்தப் பெட்டியிடம் போய், காய்ச்சல்காரப் பிள்ளையைத் தொட்டுப் பார்ப்பது போல அதன் மேல் புறங்கையை வைத்துப் பார்ப்பார் என்பதால், அவருடைய வண்டிச் சத்தம் தெருமுனையில் கேட்டதுமே நானும் ஷாலினியும் ஆளுக்கொரு விசிறியை எடுத்துக்கொண்டு கம்ப்யூட்டருக்கு விசிறத் தொடங்குவோம். சூடு தணிந்தாலும் வாசனை காட்டிக்கொடுத்துவிடும். "இன்னா, மெஷினுக்குப் புழுங்குதாமா?" என்பார். நாங்கள் விசிறிகளை முதுகுக்குப் பின்னால் ஒளிப்போம். அவரும் அதற்குமேல் கேட்க மாட்டார், ஆனால் மறுநாளும் தொட்டுப் பார்ப்பார்.

சோரியாங்குப்பத்தில் எங்கள் வீடு அப்போது இரண்டு குடும்பங்களுக்குப் பொதுவாக இருந்தது. அப்பா மூத்தவர், பயிர் வைத்தார். சித்தப்பா கம்பெனி வேலைக்குப் போனார். அம்மாவும் சித்தியும் ஒரே அடுப்பில் சமைத்தார்கள். ஷாலினி சித்தப்பாவின் மகள், என்னைவிட ஒரு வயது இளையவள். சித்தப்பாவின் கம்பெனியில் பழசென்று ஒதுக்கிய கம்ப்யூட்டர் ஒன்றை அவர் வாங்கிவந்து எல்லோருக்கும் பொதுவாக ஹாலில் வைத்த அன்றே அம்மாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "அவங்க ரூம்ல வெச்சுக்காம எதுக்கு ஹால்ல வெச்சாரு?" என்று அப்பாவிடம் கேட்டாள். ரூமில் வைத்திருந்தால் எதற்கு ரூமில் வைத்தார் என்று கேட்டிருப்பாள். எங்கள் வீட்டில் சந்தேகம் என்பது உப்பைப் போல, எல்லாவற்றிலும் கொஞ்சம் போட்டுக்கொள்வோம். அதில் நான் அம்மாவுக்கு இளைத்தவள் அல்ல.

அந்தக் கம்ப்யூட்டரில், அதை எங்களுக்கு முன் வைத்திருந்த யாரோ அழிக்க மறந்துபோன ஒரு விளையாட்டு இருந்தது. தலைப்பின் எழுத்துகள் பாம்புபோல வளைந்து வளைந்து கிடந்ததால் அதன் பெயரை எங்களால் கடைசிவரை வாசிக்க முடியவில்லை, "கோட்டை கேம்" என்று நாங்களே பெயர் வைத்துக்கொண்டோம். வாள்வீரன், வில்லாளி, மந்திரவாதி என்று நாம் யாராக இருக்கப்போகிறோம் என்பதை முதலில் தேர்ந்தெடுக்க வேண்டும், பிறகு பலம், வேகம், அறிவு, பேச்சு என்று கொடுக்கப்பட்ட புள்ளிகளைப் பிரித்துப் போட வேண்டும், அதன்பின் ஏரிக்கரையோரம் இருக்கும் ஒரு சின்ன ஊரிலிருந்து கிளம்பி, காடு மலையெல்லாம் அடித்துப் பிடித்துக் கடந்து, கோட்டையில் இருக்கும், நெருப்புக் கக்கும் பறவைநாகத்தைக் கொல்ல வேண்டும். புள்ளிகளைப் பிரிக்கும் திரையில் நம் ஆள் சும்மா நிற்க மாட்டான். கையிலிருக்கும் ஆயுதத்தைச் சுழற்றிக்கொண்டே கால் மாற்றி வட்டமாகச் சுற்றி வருவான். எங்கள் ஊர்த் திருவிழாவில் சிலம்பம் ஆடுகிற பையன்கள், முதல் அடி அடிப்பதற்கு முன்னால் கம்பைச் சுழற்றிக்கொண்டு அப்படித்தான் சுற்றி வருவார்கள். அதற்கு "வூடு கட்றது" என்று பெயர்.

"இவன் இன்னாக்கா, எதிர்ல ஆளே இல்ல, அதுக்குள்ள வூடு கட்றான்" என்றாள் ஷாலினி. அன்றிலிருந்து புதிதாக ஓர் ஆளை உருவாக்குவதற்கு எங்கள் இருவருக்குள் அதுதான் சொல். "இன்னிக்கு இன்னா வூடு கட்லாம்?", "உன் வூடு சரியில்லடி, பலமே இல்ல", "போன வாரம் கட்டன வூட்டையே திரும்பக் கட்டாத." நெட்டில் இதை "பில்டு" என்று சொல்வார்கள் என்பது பல வருஷம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. தெரிந்தபோது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

கம்ப்யூட்டர் வந்த அந்தக் கோடை விடுமுறை பாதி கழிவதற்குள் வாள்வீரனாகவும் வில்லாளியாகவும் மந்திரவாதியாகவும் பறவைநாகத்தைக் கொன்று முடித்துவிட்டோம். வேறு விளையாட்டு ஏற்றிப் பார்க்கலாமென்றால், எதை ஏற்றினாலும் அந்த மெஷின் நீலத்திரை காட்டிப் படுத்துவிடும். ஆக, இருக்கிற ஒரே விளையாட்டைத்தான் புதிதாக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. அங்கேதான் என் சந்தேகபுத்தி உதவிக்கு வந்தது. மந்திரவாதி கைச்சண்டைக்கு ஆக மாட்டான் என்று திரையில் எழுதியிருந்தது. யார் எழுதினார்கள், எதற்கு நாம் நம்ப வேண்டும் என்று தோன்றியது. ஒரு மந்திரம்கூடப் போடாத மந்திரவாதியைக் கட்டி, அவன் கையிலிருந்த கோலாலேயே ஓநாய்களை அடித்து விரட்டினோம். கவசமே போடாத ஒருவனைக் கட்டி அவனுக்குக் "கோமணாண்டி" என்று பெயர் வைத்தோம். ஒரே அடியில் செத்துப்போவான் என்பதால் அவனை வைத்துக்கொண்டு ஒரு மரத்தைக் கடப்பதற்குக்கூட மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆட வேண்டும். "கோமணாண்டி பூட்டாங்க்கா" என்று ஷாலினி அலறுவதைக் கேட்டு, யாரோ ஊரில் செத்துவிட்டார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரர் ஒருமுறை எட்டிப் பார்த்தார். எல்லாப் புள்ளிகளையும் பேச்சிலேயே போட்ட "வாயாடி" ஒருத்தியும் இருந்தாள். கத்தியைத் தூக்கவே அவளுக்குத் தெம்பில்லை, ஆனால் வழிப்பறிக்காரர்களிடம் பேசியே அவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவாள். பறவைநாகம் மட்டும்தான் அவள் பேச்சைக் காதில் வாங்கவில்லை. பலம் கூடக் கூட ஆட்டம் சலிக்கிறது, இதைச் செய்ய மாட்டேன் என்று ஒரு கையைக் கட்டிக்கொண்டால் அதே காடு புதுக் காடாகிவிடுகிறது என்பதை அப்படித்தான் கண்டுபிடித்தோம்.

விளையாட்டைச் சேமித்து வைக்க மூன்றே இடங்கள். முதலாவதில் வாயாடி, இரண்டாவதில் கோமணாண்டி. மூன்றாவதை வெள்ளோட்டத்துக்கு என்று காலியாக வைத்திருந்தோம். பள்ளி திறந்த பிறகு ஒரு சனிக்கிழமை பார்த்தால், காலியாக இருக்க வேண்டிய மூன்றாவது இடத்தில் ஒரு பெண் இருந்தாள். பெயருக்குப் பதிலாக ஒரே எழுத்தை மூன்று முறை தட்டியிருந்தது. திறந்து பார்த்தேன். ஏரிக்கரை ஊரைவிட்டு அவள் வெளியே போனதே இல்லை. உடம்பில் ஒரு கீறல் இல்லை, ஒரு எலியைக்கூட அடித்திருக்கவில்லை. பை நிறைய மூலிகை.

ஷாலினியைக் கேட்டேன். "சத்தியமா நான் இல்லக்கா. நீயே கட்டிட்டு மறந்திருப்ப."

நான் மறப்பேனா? எனக்குத் தெரியாமல் என்னைவிட நல்லதாக ஒன்றைக் கட்டிவிட்டு, ஒருநாள் திடீரென்று காட்டி என் மூக்கை உடைக்கப் பார்க்கிறாள் என்றுதான் எடுத்துக்கொண்டேன். பள்ளிக்குப் போகும்போது மௌஸைக் கோணலாக வைத்துவிட்டுப் போவேன், திரும்பி வந்தால் நேராக இருக்கும். வாராவாரம் மூன்றாவது இடத்துப் பெண்ணின் கையில் காசு கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டிருந்தது. ஷாலினியும் என்னோடுதானே பள்ளிக்கு வருகிறாள் என்று யாராவது கேட்டால், அவளுக்கு முந்தின மாதம் காய்ச்சல் என்று இரண்டு நாள் மட்டம் போட்டதை ஞாபகப்படுத்துவேன். சந்தேகத்துக்கு அது போதும்.

பிறகொரு ஞாயிற்றுக்கிழமை காலை. அந்தப் பெண்ணின் காசு மொத்தமும் காணாமல் போயிருந்தது. அவள் ஒரு வீட்டுக்குள் இருந்தாள். ஏரிக்கரை ஊரில் பூட்டிக் கிடக்கும் ஒரு வீடு, விலைக்கு உண்டு என்று வாசலில் பலகை மாட்டியிருக்கும். சண்டைக்கு ஒரு உபயோகமும் இல்லாதது என்பதால் நாங்கள் அதை ஏறிட்டுப் பார்த்ததுகூட இல்லை. எனக்கு ஆத்திரம் தலைக்கேறிவிட்டது.

"என்கிட்ட சொல்லாம தனியா வூடு கட்டிக்கினு, நடிக்கிறியாடி?"

"நான் எங்கக்கா கட்டனேன்?"

"பொய் சொல்லாத. ஏரிக்கரையில வூடே இருக்கு. என் கண்ணால பாத்தேன்."

சமையலறையில் ஓடிக்கொண்டிருந்த மிக்ஸி நின்றது. தேங்காய்ப் பூ ஒட்டிய கையோடு அம்மா வந்து நின்றாள். "யாரு எங்க தனியா வூடு கட்டியிருக்காங்க?"

விளையாட்டில் சண்டை என்று தெரிந்தால் கம்ப்யூட்டரின் ஒயரையே பிடுங்கிவிடுவாள். "ஒன்னுமில்லம்மா" என்றோம், இரண்டு பேரும் ஒரே குரலில். அதைவிட மோசமான பதிலை அம்மாவிடம் சொல்லியிருக்கவே முடியாது. அவள் எங்களைப் பார்த்தாள். சித்தப்பாவின் செருப்பு இல்லாத வாசலைப் பார்த்தாள். கொஞ்ச நாளாகவே அவர் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஓவர்டைம் என்று காலையிலேயே கிளம்பிவிடுவதும், திரும்பி வரும்போது செருப்பில் செம்மண் ஒட்டியிருப்பதும் அவள் மனதில் ஏற்கனவே இருந்திருக்க வேண்டும். நேராகத் தோட்டத்துப் பக்கம் போனாள். சித்தி கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தாள். பின்னாலேயே போன நாங்கள் கதவோரம் நின்றுவிட்டோம்.

"இன்னா சாந்தி, ஏரிக்கரையில தனியா வூடு கட்டியிருக்கீங்களாமே?"

சித்தி வாயில் கடித்திருந்த கிளிப் கீழே விழுந்தது. "யாருக்கா சொன்னது? இன்னும் அஸ்திவாரங்கூட போடல."

வில்லியனூர் பக்கம் ஊசுட்டேரிக்குப் போகிற வழியில் சித்தப்பா மனை வாங்கியிருந்ததும், ஞாயிறு ஓவர்டைம் அந்த மனைக்குத்தான் என்பதும் அன்று மதியச் சாப்பாட்டில் வெளியே வந்தன. அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"சொல்லலாம்னுதாண்ணா இருந்தேன்" என்றார் சித்தப்பா. "சொன்னா நீ எப்புடி எடுத்துப்பியோன்னு."

"இப்ப எப்புடி எடுத்துக்கிறேனோ அப்புடித்தான் எடுத்திருப்பேன்" என்றார் அப்பா. "ஆனா உன் வாயால கேட்டிருப்பேன்."

வீடு எழும்பி முடிகிறவரை இரண்டு குடும்பமும் மரியாதையாகப் பேசிக்கொண்டன. அந்த மரியாதை எனக்குப் பயமாக இருந்தது. ஷாலினி போய்விடுவாள், கம்ப்யூட்டர் சித்தப்பாவுடையது, அதுவும் போய்விடும். இருக்கிற நாட்களுக்குள் மிச்சமிருக்கிற எல்லா வூட்டையும் கட்டிப் பார்த்துவிட வேண்டும் என்று பள்ளி விட்டதும் ஓடி வந்து உட்காருவோம். ஆனால் ஒன்றும் புதிதாகத் தோன்றவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவளை நம்பாமல் எதைக் கட்டுவது? மூன்றாவது இடத்துப் பெண்ணை நான் தொடவில்லை. ஷாலினி வாயாலேயே ஒப்புக்கொள்ளட்டும் என்று விட்டுவைத்தேன். அவள் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை.

அவர்களுடைய புதுமனைப் புகுவிழாவுக்கு அப்பா வரமாட்டார் என்றுதான் அம்மா கணக்குப் போட்டாள், ஆனால் அவர்தான் எல்லோருக்கும் முன்னால் குளித்து வேட்டி கட்டிக்கொண்டு நின்றார். அங்கே போனதும் சுவரையும் நிலைப்படியையும் புறங்கையால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். கம்ப்யூட்டர் புது ஹாலில் இருந்தது. பெரியவர்கள் பால் காய்ச்சும் இடத்தில் இருக்க, நானும் ஷாலினியும் அதைப் போட்டோம். தரை துடைத்த ஈரத்துக்கும் புது சுண்ணாம்புக்கும் நடுவில் அதே கருகல் வாசனை. கடைசியாக ஒரு வூடு கட்டலாம் என்று முடிவாயிற்று. இடம் வேண்டும்.

"மூணாவத அழிச்சிடலாம்" என்றேன், அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு.

"அழி. எனக்கின்னா" என்றாள்.

பால் டம்ளர்களோடு வந்த சித்தி எங்கள் பின்னால் நின்றுவிட்டாள். "அந்த ஏரிக்கரை வூட்ட மட்டும் ஒன்னும் பண்ணிடாதீங்கடி. மூலிகை பொறுக்கிப் பொறுக்கி வித்து வாங்கனது."

ஷாலினி தன் அம்மாவைப் பார்த்த பார்வையை என்னால் இப்போதும் எழுத முடியாது. "நீங்க ஸ்கூலுக்குப் போனப்புறம் சும்மா பாத்தேன்" என்றாள் சித்தி, டம்ளர்களை மேசைமேல் வைத்தபடி. "யாரையும் அடிக்காம இருந்தா இன்னா ஆவுதுன்னு. ஒன்னும் ஆவல. ஒரு வூடு வந்துச்சி." எங்கள் மூளைக்கு எட்டாத ஒரே ஆட்டம் அதுதான். இதைச் செய்யக்கூடாது, அதைச் செய்யக்கூடாது என்று எத்தனையோ தடை போட்டுக்கொண்ட எங்களுக்கு, சண்டையே போடக்கூடாது என்று ஒரு தடை போடத் தோன்றவில்லை. ஷாலினி என் தொடையில் நன்றாகக் கிள்ளினாள். நான் வலிக்கவில்லை என்பது போல இருந்தேன்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது அம்மா அப்பாவின் பக்கம் சாய்ந்து, "ஏரிக்கரையில இன்னொரு வூடும் இருக்காம். சாந்தி வாயாலயே சொல்லிச்சி" என்றாள்.

இப்போது அந்தக் கம்ப்யூட்டர் இல்லை. பழைய இரும்புக்குப் போய்விட்டது, அதோடு சித்தியின் ஏரிக்கரை வீடும். எங்கள் ஹால் இப்போது நாலு பேர் படுத்தாலும் காலியாகத் தெரிகிறது. என் லேப்டாப்பில் கோட்டை கேமைவிடப் பத்து மடங்கு பெரிய விளையாட்டுகள் இருக்கின்றன, எண்ணிப் பார்க்க முடியாத அளவுக்குச் சேமிக்க இடம் இருக்கிறது, எந்தப் புள்ளியை எங்கே போட்டால் ஜெயிக்கலாம் என்று நெட்டில் ஆயிரம் பேர் சொல்லித் தருகிறார்கள். அவர்கள் சொன்னபடி கட்டினால் ஜெயிக்கிறேன், அரை மணி நேரத்தில் அலுத்துவிடுகிறது. இவ்வளவு அக்கறையாக எதற்குச் சொல்லித் தருகிறார்கள் என்று வேறு தோன்றிக்கொண்டே இருக்கிறது. புது ஆட்களில் ஒருவரும் ஆயுதத்தைச் சுழற்றிக்கொண்டு சுற்றி வருவதில்லை, கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

போன வாரம் அப்படி நின்றுகொண்டிருந்த ஒருத்தியைப் பார்த்தபடியே ஷாலினிக்கு போன் செய்தேன். அவள் சென்னையில் தோழிகளோடு அறை எடுத்து இருக்கிறாள்.

"இன்னாடி, சேந்து ஒரு வூடு கட்லாமா?" என்றேன்.

"கட்லாங்க்கா. ஆனா இந்தத் தடவ எங்கம்மாவையும் சேத்துக்கணும்" என்று அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன், கொஞ்சம் சத்தமாகவே சிரித்துவிட்டேன் போலிருக்கிறது.

சமையலறையில் அம்மா ஓட்டிக்கொண்டிருந்த மிக்ஸி நின்றது.