சீனி தொடாத அக்கா

என் அக்காவுக்கு மறதி நோய் என்று டாக்டர் சொன்னபோது எனக்கு முதலில் வந்தது கோபம்தான். வருடக்கணக்காகச் சீனியைத் தொடாதவள் அவள். சமூக மன்றத்தில் ஓர் உரையைக் கேட்டுவிட்டு வந்த நாளிலிருந்து, மூளைக்கு நல்லதென்று கீரை, மீன், வால்நட், பழுப்பரிசிச் சோறு. எங்கள் தட்டையும் விடமாட்டாள். தேக்கா சந்தைக் கடையில் நான் பால் டீ குடித்தால் பக்கத்தில் உட்கார்ந்து முறைப்பாள். அவளுக்குப் போய் இது வந்தது. கண்டதையும் தின்ற நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

“அப்ப இவ்வளவு நாளா அவ வாயைக் கட்டினதெல்லாம் வேஸ்ட்டா, டாக்டர்?” என்று கேட்டேன்.

“ரிஸ்க் குறையலாம்னுதான் சொல்றோம்மா. வரவே வராதுன்னு யாராலயும் சொல்ல முடியாது,” என்றார். நியாயமான பதில். எனக்குத்தான் மனம் ஆறவில்லை.

அடுத்த வருடம் அக்கா சாப்பாட்டையே வெறுத்தாள். அவளும் அத்தானும் இருந்த குவீன்ஸ்டவுன் வீட்டுக்கு நான் போகும்போதெல்லாம், அவர் கீரைச் சோற்றை வைத்துக்கொண்டு அவளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார். அவள் உதட்டை இறுக்கிக்கொள்வாள். கை இளைத்து, வளையல் முழங்கைவரை ஏறியது. இந்த நோயில் சிலருக்கு நாக்கு இனிப்பைத்தான் தேடும், கொடுங்கள், எடை குறையாமல் இருந்தால் போதும் என்று டாக்டரே சொல்லிவிட்டார். அத்தான் கேட்பதாக இல்லை.

“அவ போட்ட ரூல்ஸ் லா இது. நான் எப்படி மாத்துறது? மாத்தினா, அவ இனி அவ்வளவுதான்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடாதா?”

“ரூல்ஸ் போட்ட அக்கா இப்ப இல்ல, அத்தான். பட்டினி கிடக்கிறது இவ,” என்று கத்திவிட்டேன்.

அவர் சமையலறைக்குப் போய், என் டீக்காக நான் அங்கே வைத்திருந்த கெட்டியான இனிப்பு டின் பாலை எடுத்துவந்து வெறும் சோற்றில் ஊற்றிப் பிசைந்தார்.

முதல் வாய்க்கே அக்காவின் முகம் மலர்ந்தது. அடுத்த வாய்க்கு அவளே வாயைத் திறந்தாள். கிண்ணம் காலியானதும் அத்தான் என்னைப் பார்த்துச் சிரித்தார். அவர் சிரித்துப் பார்த்து எத்தனையோ நாளாகியிருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அக்கா வாயைத் துடைத்துக்கொண்டு அவர் பக்கம் சாய்ந்தாள். குரலைத் தாழ்த்தி, “ரொம்ப நன்றிங்க. எங்க வீட்டுக்காரர்ட்ட மட்டும் சொல்லிடாதீங்க. திட்டுவாரு,” என்றாள்.

அத்தான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சொல்ல மாட்டேங்க,” என்றார்.