அக்காவின் விரதங்கள்

அந்தச் சொல் என் வாயில் எப்படி வந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. பனகல் பூங்காவுக்குப் பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபம், மத்தியானப் பந்தி. இலையில் சாம்பார் விழப்போன நேரம் அக்கா கையை நீட்டி மறித்தாள். பெண் வீட்டு அத்தை ஒருத்தி பார்த்துவிட்டாள். இடுப்பில் கை வைத்து எதிரே வந்து நின்றாள்.

"என்ன மக்கா, கூட்டும் வேண்டாம், சாம்பாரும் வேண்டாம்னா? எங்க வீட்டுச் சாப்பாடு எறங்கலியோ?"

அம்மா தன் இலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான்தான் சொன்னேன்: "அக்காவுக்கு இன்னைக்கு விரதம்."

அத்தையின் முகமே மாறிவிட்டது. அடுத்த நிமிஷம் பாலும் வாழைப்பழமும் வந்தன. அக்காவுக்கு ஆகக்கூடியவையும் அவைதாம்.

அவளுக்கு வயிற்றில் புண். காரம், புளி, எண்ணெய் எதுவும் ஒத்துக்கொள்ளாது. வயிறு காலியாக இருக்கவே கூடாது, மணிக்கொரு தரம் பாலாவது குடிக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கல்யாண வயசுப் பெண்ணுக்கு இப்படி என்று வெளியே சொல்ல முடியுமா? விருந்துக்குப் போகாமலும் இருக்க முடியாது. அப்பா தி.நகரில் பாத்திரக் கடை வைத்திருந்தார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து கடை போட்டவர்கள் வீட்டில் எல்லாம் ஏதாவது விசேஷம் நடந்துகொண்டே இருக்கும். பெண்ணை விட்டுவிட்டுப் போனால், ஏன் வரவில்லை என்று கேட்பார்கள்.

அதனால் என் யோசனை வீட்டில் சட்டமாகிவிட்டது. நாட்காட்டியைப் பார்த்து விரதம் கண்டுபிடிப்பது என் வேலை. சோமவாரம், செவ்வாய், கிருத்திகை, சஷ்டி, பிரதோஷம். தேடினால் எந்த நாளுக்கும் ஒரு சாமி அகப்படும். அப்பா என்னை வக்கீல் என்று கூப்பிட ஆரம்பித்தார்.

அக்கா மட்டும் ஒருநாள், "சாமி பேரச் சொல்லிப் பொய் சொல்லுதோமேட்டி" என்றாள்.

"நீ பாலுதான குடிக்கே? அப்ப விரதந்தான்" என்றேன்.

அக்காவின் பக்தி பேச்சாகப் பரவியது. அடையாறில் ஒரு புதுமனை விருந்தில், மயிலாப்பூரில் நகைக்கடை வைத்திருக்கும் வீட்டு அம்மாள் ஒருத்தி, நெற்றி நிறையத் திருநீறோடு, அக்காவின் மோவாயைப் பிடித்து நிமிர்த்தினாள்.

"இப்படி ஒரு புள்ளையத்தான் தேடிட்டிருந்தேன். எங்க வீட்டுல கந்த சஷ்டிக்கு ஆறு நாளும் பச்சத்தண்ணியும் மிளகுந்தான். அதுபோக செவ்வாய், வெள்ளி ஒருபொழுது. வார மருமவ தாங்குவாளோ என்னமோன்னு பயந்தேன். இவளுக்கு நான் சொல்லிக் குடுக்கவே வேண்டாம் போலிருக்கே."

அக்கா பால் டம்ளரைக் கீழே வைத்தாள். மறுபடி எடுக்கவில்லை.

அந்த வாரமே பெண் கேட்டு வந்தார்கள். அடுப்படியில் அக்கா கேட்டாள்: "சொல்லிருவோமாம்மா?"

"சொன்னா யாரு வருவா?" அம்மா திரும்பிப் பார்க்காமலே சொன்னாள். அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்துவிட்டுக் கடைக்குப் போய்விட்டார். வெற்றிலை பாக்கு மாற்றினார்கள். ஆவணியில் கல்யாணம். ஐப்பசியில் சஷ்டி.

எனக்கானால் ஒரே சந்தோஷம். இனி யாரும் சாம்பார் வாளியோடு அக்காவிடம் மல்லுக்கட்ட மாட்டார்கள். அந்த வீடே அவளோடு சேர்ந்து பத்தியம் இருக்கப்போகிறது! பத்தியமும் பட்டினியும் எனக்கு அப்போது ஒன்றுதான். சஷ்டிக்கு நானும் அங்கே போய் ஆறு நாளும் விரதம் இருப்பதென்று தீர்மானித்து, அஞ்சறைப் பெட்டியிலிருந்து மிளகெடுத்து மென்று பழகினேன். நாக்கு எரிந்தது. விடவில்லை.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் எனக்குத் தலை பின்னிவிட்டுக்கொண்டே அக்கா கேட்டாள்: "சஷ்டிக்கு நெசமாவே வருவியாட்டி?"

"பின்னே? ஆறு நாளும் உன்கூடத்தான்."

பின்னல் பாதியில் நின்றது. "வரும்போது கொஞ்சம் பால் கொண்டு வா. யார்ட்டயும் சொல்ல வேண்டாம்."

முருகனுக்கு அபிஷேகம் செய்யத்தான் கேட்கிறாள் என்று நினைத்தேன். பஸ்ஸில் சிந்தாமல் கொண்டுபோக எந்தத் தூக்குவாளி சரிப்படும் என்று அப்போதே யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.