யார் வீட்டு மீன் வாடை?

இரண்டு வருடங்களுக்கு முன், தூத்துக்குடியில் கடற்கரைப் பக்கம் வாடகை வீட்டில் இருந்தபோது நடந்தது இது. நாங்கள் தாமிரபரணிக் கரை ஊர்க்காரர்கள், சுத்த சைவம். சுவரை ஒட்டிய அடுத்த வீட்டில், புன்னைக்காயல் என்ற மீனவ ஊரிலிருந்து வந்த ஒரு கிறிஸ்தவக் குடும்பம்.

கொஞ்ச நாளாகச் சமையல் நேரத்துக்குச் சரியாக என் அடுப்படியில் மீன் வாடை. ஜன்னலைச் சாத்தினேன், சாம்பிராணி போட்டேன், போகவில்லை. கோபத்தோடு அடுத்த வீட்டுப் பெண்ணிடம் கேட்டேன்.

“தபசு காலம்லாக்கா, ஈஸ்டர் வரைக்கும் எங்க வீட்டுல மீனே கெடையாது” என்றாள்.

பொய் என்றே முடிவு கட்டினேன். இரண்டு வீட்டுக்கும் சொந்தக்காரரான அண்ணாச்சியிடம் நேராகப் போய், “ஒண்ணு அவங்க இருக்கணும், இல்ல நாங்க இருக்கணும்” என்று சொல்லிவிட்டு வந்தேன். அவரும் அவர்களைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார். எனக்கு ஏதோ ஜெயித்துவிட்ட நினைப்பு.

மறுநாள் காலை அவளே நியாயம் கேட்க வந்தாள். நான் இண்டக்‌ஷன் அடுப்பில் சாம்பார் வைத்துக்கொண்டிருந்தேன். பேச வாயெடுத்தவள் சட்டென்று நிறுத்தி மோந்து பார்த்தாள். “இது மீன் வாடையே இல்லக்கா. என்னமோ கரியுது” என்று உள்ளே வந்து, மேடை மேலிருந்த மாவு டப்பாக்களை நகர்த்தினாள். பின்னால் பிளக் பாயின்ட் பழுப்பேறி உருகிக் கிடந்தது. நான் பதறிப்போய் பிளக்கைப் பிடுங்கக் கை நீட்டினேன்.

“ஏளா, தொடாத! மெயின அணை!” என்று என் கையைத் தட்டிவிட்டாள்.

எலக்ட்ரீஷியன் வந்து பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. மிக்சிக்கு வைத்த சின்னப் பாயின்ட்டில் அடாப்டர் போட்டு இண்டக்‌ஷன் அடுப்பை ஓட்டியிருக்கிறேன். உப்புக் காற்றில் உள்ளே பித்தளை பச்சை பிடித்து, பிளக் பிடிப்பில்லாமல் ஆடி, சூடாகியிருக்கிறது. அந்தப் பிளாஸ்டிக் கருகினால் மீன் வாடை மாதிரிதான் அடிக்குமாம். அவர் தனியாகத் தடித்த வயர் இழுத்து, பவர் பிளக் பாயின்ட் வைத்தார். அடுப்பின் கருகிய பிளக்கையும் வெட்டி எறிந்துவிட்டுப் புதிது மாட்டினார். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் இரண்டு வீடும் எரிந்திருக்கும் என்றார்.

அண்ணாச்சியிடம் ஓடிப்போய் உண்மையைச் சொன்னேன். அவர்களை இருக்கச் சொல்லிவிட்டார். அவளிடம் மன்னிப்புக் கேட்கும்போது எனக்குத் தலை நிமிரவில்லை.

“பரவால்லக்கா. ஆனா இனி மீன் பொரிக்கும்போதெல்லாம் ஒங்க நெனப்புதான் வரும். அப்படி எப்படிக்கா இங்கன இருக்க?” என்றாள். மாதக் கடைசியில் போய்விட்டார்கள்.

இப்போதெல்லாம் எந்த வாடை வந்தாலும் முதலில் என் வீட்டு பிளக்குகளைத்தான் பார்க்கிறேன்; ஆனால் என் வீட்டைக் காப்பாற்றியவளை அவள் வீட்டில் இருக்கவிடாமல் செய்தவள் நான்தான் என்ற கூச்சம் மட்டும் இன்னும் போகவில்லை.